பத்து ஈர்க்கு, ஒரு கட்டு: எமது ஆரம்பப் பிரிவிற் கணக்கு வளர்ந்த கதை

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் வரலாற்றை எழுதுவோர் அதிபர்களையும் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பற்றி எழுதுவர். அவை எழுதப்பட வேண்டியவையே. மருத்துவராகிய எம்மிடம் மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, விஞ்ஞான ஆய்வுகூட நினைவுகளையே எதிர்பார்த்திருக்கலாம். நாமோ அதற்குப் பல ஆண்டுகள் முந்திய ஓர் அறைக்குப் போக விரும்புகிறோம். அது அரிவரி வகுப்பு. நாம் எண்ணப் பழகிய இடம்.

யாழ்ப்பாணத்திற் கணக்குப் படிப்பு இன்றைய பாடசாலைகளுக்கு முந்தியது. திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை இராகத்தோடு சொல்லி மனனம் செய்தார்கள். முழு எண்கள் மட்டுமன்றி, கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களையும் படித்தார்கள். முந்திரி என்பது 320 இல் ஒரு பங்கு. நிலத்தையும் நெல்லையும் அளந்த சமூகத்துக்கு அந்த நுணுக்கம் தேவைப்பட்டது. ஆனால் அந்தத் திண்ணைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. அதன் பின்னரும் பெண்பிள்ளைகளின் கல்வி மெதுவாகவே பரவியது. எமது கல்லூரி அந்த வழியில் ஒரு நூற்றாண்டு பிந்தி வந்தது.

எமது அம்மம்மாமார் சிலேற்றில் எழுதியவர்கள். பதினாறாம் வாய்பாடு வரை அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 12 அங்குலம் ஓர் அடி, 16 அவுன்ஸ் ஓர் இறாத்தல், 112 இறாத்தல் ஓர் அந்தர் என்று வாழ்ந்தவர்களுக்கு அது வேண்டியிருந்தது. 1970களில் நாடு மெற்றிக் முறைக்கு மாறியது. நாம் படித்த காலத்தில் வகுப்பில் கிலோகிராமும் லீற்றரும். வீட்டில் அரிசி கொத்துக் கணக்கு, பாண் இறாத்தற் கணக்கு. இரண்டு உலகங்களுக்கிடையே நாம் ஓடித் திரிந்தோம்.

நாம் ஆண்டு ஒன்றிற் சேர்ந்தது 1985 இல். எமது ரீச்சரிடம் இருந்த உபகரணங்கள் ஒரு பேணி புளியங்கொட்டையும் ஒரு பிடி ஈர்க்கும்தான். பத்து ஈர்க்கை எண்ணி இறப்பர் வளையத்தாற் கட்டினால் அது ஒரு கட்டு. இருபத்துமூன்று என்றால் இரண்டு கட்டும் மூன்று தனி ஈர்க்கும். முப்பத்திரண்டில் ஏழு கழிக்க வேண்டுமென்றால், தனியாக இருப்பது இரண்டே; ஒரு கட்டை அவிழ்த்தால்தான் முடியும். பிற்காலத்தில் இதைப் 'பக்கத்து வீட்டிற் கடன் வாங்குதல்' என்று சொல்லித் தந்தார்கள். ஆனால் நாம் ஒருவரிடமும் கடன் வாங்கவில்லை, எங்கள் கட்டை நாங்களே அவிழ்த்தோம் என்பது எமது விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

எமது மொழி இதற்கு உதவியது. இருபது, முப்பது, நாற்பது என்ற சொற்களே எத்தனை பத்து என்று சொல்லிவிடும். இடறிய இடம் தொண்ணூறு. 'தொண்ணூற்றைந்து எழுதுங்கோ' என்றால், காதில் விழுந்த 'நூற்றைந்தை' மட்டும் பிடித்து 105 என்று எழுதினோம். 'முந்நூற்றைந்து' என்றால் 3005 என்று எழுதியவர்களும் எம்மில் உண்டு. ரீச்சர் ஏசவில்லை. ஒன்பது கட்டுகளையும் ஐந்து ஈர்க்கையும் மேசையில் வைத்து, 'இதிலை நூறு எங்கை இருக்கு? காட்டுங்கோ பாப்பம்' என்றார். தேடினோம், கிடைக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் பிழை பெரும்பாலும் வரவில்லை.

எல்லாமே இப்படி இருந்ததென்று எழுதினால் அது உண்மையாகாது. மேல் வகுப்புக்குப் போனதும் ஈர்க்குக் கட்டுகள் பின்தங்கிவிட்டன. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, வாய்பாடும் வேகமுமே கணக்காயின. ஏழாம் வாய்பாட்டில் இடறிய ஒரு தோழியை வாங்கில் ஏற்றி நிறுத்தியபோது நாம் சிரித்தோம். வீட்டில் தாயாருடன் முட்டை விற்று, மிச்சக் காசைச் சதம் பிசகாமற் கொடுத்தவள் அவள். அவளுக்கு வராதது கணக்கல்ல, அந்த இராகம். 'கணக்கு ஓடாத பிள்ளை' என்ற பெயரை அவளுக்கு வைத்ததில் எமக்கும் பங்குண்டு. சாதாரண தரத்துக்கு முன்னரே அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். இந்த மலர் அவள் கையை எட்டுமானால், எமது மன்னிப்பை அவள் ஏற்க வேண்டும்.

1990 இன் பின் கொப்பியும் மண்ணெண்ணெயும் அரிதாகின. ஜாம் போத்தல் விளக்கில், கொப்பியின் ஓரம்வரை இடம் விடாமற் கணக்குச் செய்தோம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எமக்கு வயது பதினைந்து. தங்கியிருந்த வளவில் நிறையச் சின்னப்பிள்ளைகள், புத்தகம் ஒன்றுமில்லை. தென்னோலையிற் கிழித்த ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி அவர்களுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தோம். எமது ரீச்சர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பது அன்றுதான் விளங்கியது. எல்லாம் விட்டு வந்த இடத்தில் அது மட்டும் எம்மோடு வந்திருந்தது.

இன்று எமது தொழிலில் அந்தக் கட்டைத் தினமும் அவிழ்க்கிறோம். 12 கிலோ நிறையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் என்றால் 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 7.5 மில்லிலீற்றர். அந்தப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒன்றாகும். அளவை விளக்கும்போது சில தாய்மார், 'எனக்குக் கணக்கு ஓடாது, டொக்டர்' என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எமக்கு வாங்கில் நின்ற தோழியின் முகம் தெரிகிறது. எனவே மருந்துக் கரண்டியை அவர்கள் கையிலேயே கொடுத்து அளந்து காட்டச் சொல்கிறோம்.

1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் இரண்டு தரங்களில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்தது. எமது ரீச்சர் புளியங்கொட்டையோடு செய்தது பாடத்திட்டமாயிற்று. ஆயினும் ரியூசன் கொட்டில்கள் இன்று மூன்றாந் தரத்துப் பிள்ளையையும் புலமைப்பரிசிலுக்கு விரட்டுகின்றன. கட்டை அவிழ்த்துப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை.

கடல் கடந்தும் வாழும் எமது சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவோம், நல்லது. கூடவே ஆரம்பப் பிரிவின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண்ணற் பெட்டி கொடுப்போம். வாய்பாட்டில் இடறும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து எண்ண, ஊரில் உள்ளோர் வாரத்தில் ஒரு மணித்தியாலம் கொடுப்போம். இரண்டாவது நூற்றாண்டில் எமது கல்லூரியில் எந்தப் பிள்ளையும் கணக்குக்காக வாங்கில் ஏறி நிற்காதிருக்கட்டும்.

வாழ்க எமது கல்லூரி அன்னை!