ஆறு வாரம் என்று கிளம்பினார்கள்

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பீக்-அ-பூ, ஸ்பூக்கி என்று இரண்டு பாறை இடுக்குகள். ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கி வளையமாகச் சுற்றி வரலாம். ஸ்பூக்கியில் சில இடங்களில் அகலம் 25 செ.மீ. தான். (நம்ம தொப்பைக்கு அனுமதி இல்லை!) எங்கோ பெய்யும் மழை இங்கே வெள்ளமாக வரும் என்பதால் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நுழையணும்.

எனக்கு இடுக்குகளைவிட, அங்கே கொண்டுபோய் விடும் மண் ரோடுதான் சுவாரஸ்யம். பெயர் 'ஹோல் இன் த ராக்', பாறையில் ஓட்டை!

1879ல் மார்மன் சபை சுமார் 250 பேரை யூட்டாவின் தென்கிழக்கு மூலைக்குக் குடியேற அனுப்பியது. நம்ம பேங்க் ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் மாதிரிதான், மறுப்பது சுலபமில்லை. 83 வண்டிகள், குழந்தை குட்டிகள், ஆயிரத்துக்கும் மேல் கால்நடைகள். ஆறு வாரம் என்று போட்ட கணக்கு ஆறு மாசமானது. இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்திருந்தால்...

கொலராடோ ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஒரே ஒரு இடுக்கு, வண்டி நுழையாது. பின்னால் மலையில் பனி, திரும்பவும் முடியாது. வெடி வைத்து அகலப்படுத்தினார்கள். கீழே ஓரிடத்தில் பாறைச் சுவரில் துளை போட்டு, கட்டைகளை அடித்து, மேலே கல்லும் புதரும் பரப்பிச் சக்கரத்துக்கு வழி செய்தார்கள். 1880 ஜனவரி 26ல் வண்டிகள் இறங்கின. சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டி, பின்னாலிருந்து ஆட்கள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு!

போகவேண்டிய இடம் இன்னும் தள்ளி இருந்தது. ஏப்ரலில், களைத்துப்போய், சான் ஹுவான் ஆற்றங்கரையில் அப்படியே தங்கிவிட்டார்கள். அதுதான் ப்ளஃப் என்ற ஊர். அது ஏற்கனவே நவாஹோ, யூட் மக்கள் வாழ்ந்த பூமி என்பதையும் சொல்லணும்.

அந்தப் பாறை வழி? ஒரு வருஷம்தான் முக்கியப் பாதையாக ஓடியது. 1881ல் ஆற்றின் மேல்பக்கம் சுலபமான துறை கிடைத்து, பரிசலும் அங்கே போய்விட்டது.