இன்டர்காமும் செல்போனும்

மணிமங்கலம் என்ற பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போகும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த ஊருக்கு ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைகள். இங்கே சொல்லப்போவது அந்தத் தொழிற்சாலைகளின் டெலிபோன் கதை.

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ கார் தயாரிக்கத் தொடங்கிய காலத்தில், கம்பெனி போன் என்றால் இ.பி.ஏ.பி.எக்ஸ். தான். வெளியிலிருந்து சில லைன்கள் வரும். உள்ளே நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்கள். மூன்று நம்பர் அழுத்தினால் ஸ்டோர்ஸ், இன்னொரு மூன்று நம்பருக்கு கேன்டீன். உள்ளுக்குள் பேச ஒரு பைசா செலவில்லை. 1984ல் தொடங்கப்பட்ட சி-டாட் போன்ற அமைப்புகளின் முயற்சியால் இந்தப் பெட்டிகள் நம் நாட்டிலேயே கிடைக்க ஆரம்பித்திருந்தன.

சிக்கல் என்னவென்றால், மெயின்டனன்ஸ் இன்ஜினியர் சீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார். உட்கார்ந்திருந்தால் அவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியரே இல்லை! மிஷின் நின்றுபோன இடத்தில்தான் அவர் இருப்பார். மேசையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

அதற்கு மருந்து செல்போன் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் இரண்டும் 1995லேயே வந்துவிட்டன. ஆனால் ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு! 2003 மே மாதம்தான் இன்கமிங் இலவசமானது. அடுத்த ஆண்டே இந்தியாவில் செல்போன்களின் எண்ணிக்கை லேண்ட்லைனைத் தாண்டியது.

இனி இரண்டையும் எப்படி இணைப்பது? எளிய வழி, எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்பை செல்லுக்குத் திருப்பிவிடுவது. ஆனால் வந்த அழைப்பு ஒரு வெளி லைனைப் பிடித்திருக்கும், செல்லைக் கூப்பிட இன்னொரு லைன் போய்விடும். நான்கு பேர் இப்படித் திருப்பிவிட்டால் எட்டு லைன் காலி. அதற்கு மேல் பில் வேறு. ஆகவே நம் ஊர்க்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். சிம் கார்டு போட்டு ஆன்டெனா வைத்த ஒரு சின்னப் பெட்டியை இ.பி.ஏ.பி.எக்ஸில் ஒரு வெளி லைன்போலச் செருகிவிட்டார்கள். வதோதராவின் மேட்ரிக்ஸ் போன்ற இந்தியக் கம்பெனிகளே இதைச் செய்து விற்றன. கூடவே ஊழியர்களுக்கு சி.யூ.ஜி. சிம். ஒரே குழுவுக்குள் பேசுவது இலவசம், அல்லது மிக மலிவு. பெட்டியில் இருக்கும் சிம்மும் அதே குழு என்பதால் மேசையிலிருந்து செல்லுக்குப் பேசவும் செலவில்லை. இன்டர்காம் மெல்ல சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. இப்படி சிம் பெட்டியைச் செருகும் தந்திரம் வெளிநாடுகளிலும் இருந்ததுதான்.

பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் இன்னொரு வழியும் இருந்தது. அவாயா, சிஸ்கோ போன்றவை மேசை போனும் செல்லும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் மென்பொருளைக் கொண்டுவந்தன. நோக்கியாவின் இ-சீரிஸ் போன்கள் ஆபீசுக்குள் வை-ஃபையிலும் வெளியே செல் டவரிலும் பேசும்படி வந்தன. இந்தியாவில் இதற்குக் குறுக்கே சட்டம் நின்றது. கம்பெனியின் தனி இன்டர்நெட் லைனில் வேறு ஊரிலிருந்து வரும் அழைப்பைப் பொது டெலிபோன் வலையில் கலக்கக் கூடாது. கலந்தால் எஸ்.டி.டி. வருமானம் போய்விடுமே! இந்த விதிக்காகவே சிஸ்கோ தன் மென்பொருளில் இரண்டையும் பிரித்து வைக்கும் வசதியைத் தனியாகச் சேர்த்தது. கால் சென்டர் முதலான நிறுவனங்களுக்கான விதிகள் 2020, 2021 ஆண்டுகளில்தான் பெரிதும் தளர்ந்தன. அதற்குள் ஆபீஸ் பேச்சில் பாதி வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிருந்தது.

இத்தனையும் யாருக்கு? மேனேஜருக்கும் இன்ஜினியருக்கும். லைனில் நிற்பவருக்கு எக்ஸ்டென்ஷன் என்றைக்குமே இருந்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை கோடிக்கணக்கில் செல்போன் செய்து அனுப்பியது. ஆனால் இந்தப் பக்கத்துப் பல தொழிற்சாலைகளில் செல்போனை லாக்கரிலோ கேட்டிலோ வைத்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போக வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் செக்யூரிட்டிக்கோ டைம் ஆபீசுக்கோ போன் வரும். அங்கிருந்து சூப்பர்வைசரின் மேசைக்கு மூன்று நம்பர். அவர் சீட்டில் இருக்க வேண்டும்.