கல்லிலும் காகிதத்திலும்

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து இருக்கிறது கீழக்குயில்குடி. ஊரை ஒட்டிச் சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், விழுதூன்றிய ஆலமரம். வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், மலையேறிச் சிற்பங்களைப் பார்க்கிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். ஊருக்குள் நுழைகிறவர்கள் குறைவு. சரித்திரம் மலைமேலேயே முடிந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மலையில் பேச்சிப்பள்ளம் என்றோர் இடம். அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் கீழே ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துக்கள். எந்தத் திருமேனியை யார் செய்வித்தார் என்பதைச் சொல்கிற எழுத்துக்கள் அவை. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த உருவமும் அங்கே உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு தாயின் பெயரை இன்றும் நாம் வாசிக்கிறோம். கல் அவளை மறக்கவில்லை.

மலையடிவாரத்து ஜனங்களின் பெயர்களையும் ஒரு காலத்தில் எழுதிவைத்தார்கள். அது கல்லில் அல்ல, போலீஸ் ஏட்டில்.

1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் வடநாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை ஜில்லாவின் பிரமலைக் கள்ளர்களில் முதலில் அதில் சிக்கியவர்கள் கீழக்குயில்குடிக்காரர்கள். ஆண்டு 1914. அடுத்த சில ஆண்டுகளில் சமூகம் முழுவதன் மேலும் அது விழுந்தது.

அதற்கு முன் இவர்கள் என்ன செய்தார்கள்? பலர் காவல்காரர்கள். ஊருக்கும் களத்துக்கும் காவல் இருந்தார்கள், கூலி வாங்கினார்கள். களவு போனால் துப்புத் துலக்கிப் பொருளை மீட்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பது பழைய முறை. எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. களவும் உண்டு, காவல் கூலி என்ற பெயரில் மிரட்டலும் உண்டு. 1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் ‘பண்டு’ சேர்த்து இந்தக் காவலை எதிர்த்துக் கிளம்பியதும் சரித்திரம்தான். ஆனால் திருடியவனைப் பிடிப்பது ஒன்று. பிறந்தவனையெல்லாம் திருடன் என்பது வேறு. காவல் வேலையைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. காவல்காரனுக்கு மிஞ்சியது கெட்ட பெயர்.

ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். வயது வந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். இராத்திரியானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ ஆஜராகிப் படுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். பெண்டாட்டியும் பிள்ளையும் வீட்டில். குடும்பத் தலைவன் சாவடித் திண்ணையில். ஒரு கிராமத்து மனிதனுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு எது?

ரேகை வைக்க மறுத்தது உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அங்கே போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். குண்டடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் அவள் என்று ஊர் சொல்லும். கள்ளர்களுக்காக வழக்காடியவர் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். வேற்று மொழிக்காரர், வேற்று மதத்தவர். அவரை ஜனங்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவர் முதலானோரும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-ல். சட்டம் போனபின் பெயர் வழக்காயிற்று. ‘சீர்மரபினப் பழங்குடியினர்’ என்றிருந்ததை 1979-ல் தமிழக அரசு ‘சீர்மரபினச் சமூகத்தினர்’ என்று மாற்றியது. பழைய பெயரைத் திரும்பக் கேட்டு நெடுங்காலம் போராடியபின், 2019-ல் மத்திய அரசின் நலத் திட்டங்களுக்கு மட்டும் அந்தப் பெயரில் சான்றிதழ் தர உத்தரவாயிற்று. ஒரு சொல்லுக்கு நாற்பது வருஷமா என்று கேட்கலாம். பள்ளிக்கூடமும் உத்தியோகமும் அந்தச் சொல்லில்தானே தொங்குகின்றன!

இனி மலைக்கு வருவோம். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்துத் தள்ளியதை விசாரிக்க, 2014-ல் உயர்நீதிமன்றம் உ. சகாயத்தை நியமித்தது. அதே பக்கத்து அரிட்டாபட்டியிலும் சமணப் படுகைகளும் கல்வெட்டுக்களும் உண்டு; சுனைகளும் பருந்துகளும் உண்டு. 2022-ல் அது பல்லுயிர் மரபுத் தலமாயிற்று. 2024-ல் அந்த இடத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுப்பட்டு ஜனங்கள் சாதி பாராமல் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. குன்று அவர்களுக்கு வெறும் கல் அல்ல. கண்மாய்க்குத் தண்ணீர், சாமிக்கு இருப்பிடம், ஆட்டுக்கு மேய்ச்சல். அதை அறுத்துவிட்டால் கல்வெட்டு மட்டுமா போகும்?

எந்த உத்தியோகமும் சம்பளமும் இல்லாமல் ஒரு குன்றுக்கு இரவும் பகலும் காவல் நிற்பவர்கள் அடிவாரத்துக் கிராமத்து ஜனங்கள்தான். கீழக்குயில்குடிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. குணமதியார் பெயரை வாசித்துவிட்டு இறங்கும்போது, 1914-ல் இந்த ஊர் ஆண்கள் எதற்காகக் கட்டைவிரலில் மை பூசிக்கொண்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.