கடற்கரையில் போட்ட கோடு: இறால் பண்ணைச் சட்டம் பிறந்த வரலாறு

மார்க்கெட்டுக்குப் போனால் "இது கடல் இறாலா, பண்ணை இறாலா?" என்று கேட்டு வாங்குகிறோம். அந்தப் பண்ணை இறாலுக்காகவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அதற்கான வழக்கைத் தொடுத்தவர் நம்ம கீழத்தஞ்சையில் உழைத்த ஒரு பெரியவர். வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு இது.

கடலோரத்தில் இறால் வளர்ப்பது புதிதல்ல. கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், அறுவடை முடிந்ததும் இறால். 1990களின் தொடக்கத்தில் வந்தது வேறு கதை. கம்பெனிகள் நாகை வட்டாரத்தில் நிலங்களை வாங்கிக் குளம் வெட்டின. குஞ்சுகளை நெருக்கமாக விட்டுத் தீவனமும் மருந்தும் போட்டு வளர்த்தன. பக்கத்து வயலிலும் கிணற்றிலும் உப்பு ஊறியது. நடவு, அறுப்பு இல்லாததால் விவசாயக் கூலிகளுக்கு வேலை போச்சு. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியும் அடைபட்டது.

பூதான இயக்கத்தில் பாடுபட்ட எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும், 1968இல் நடந்த கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின் இந்தப் பகுதிக்கு வந்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்க உழைத்தவர்கள். அரும்பாடுபட்டு வாங்கிக் கொடுத்த நிலத்தில் உப்பு ஏறினால் யாருக்கு என்ன பயன்? எண்பதை எட்டும் வயதில், 1994இல், ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றப் படியேறினார். வழக்கு நடக்கும்போதே, 1995இல், தமிழக அரசும் தனியாக ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்பளித்தார்கள். 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, கடல்நீர் பொங்கி ஏறும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், கடல்முகம் கட்டாயம் தேவைப்படும் தொழிலைத் தவிர வேறு புதுத் தொழில் கூடாது. இறால் பண்ணை அப்படிப்பட்ட தொழில் அல்ல என்றது நீதிமன்றம். மரபுவழி வளர்ப்பைத் தவிர, அந்த எல்லைக்குள் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும். விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது. கண்காணிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்றெல்லாம் உத்தரவு. ஊரெல்லாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும்!

ஆனால் மறுசீராய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு நின்றது. ஆணையம் மட்டும் 1997இல் அமைந்தது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. ஆணையத்தின் தலைமையகம் சென்னை. பதிவு பெறாமல் பண்ணை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்றது சட்டம். ஆனால் 500 மீட்டர் தடை போய், 200 மீட்டர் வந்தது. அதிலும் ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்கு விலக்கு. 1991 அறிவிக்கை இந்தத் தொழிலைத் தடுக்கவில்லை என்று முன்தேதியிட்டே எழுதிவிட்டார்கள். நீதிமன்றம் இடிக்கச் சொன்னவை இப்படித்தான் சட்டப்படியானவை ஆயின. 2023 திருத்தம் சிறைத் தண்டனையையும் நீக்கி, அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது.

சட்டத்தால் நன்மையே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாதுங்க. எந்தப் பண்ணை எங்கே இருக்கிறது என்ற பதிவு, தடைசெய்த ஆன்டிபயாடிக் மருந்துகளின் பட்டியல், கழிவுநீருக்கான அளவுகள் எல்லாம் அதனால் வந்தவையே. அந்நியச் செலாவணியும் பலருடைய பிழைப்பும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. ஆனால் வழக்கு தொடங்கியது ஏற்றுமதிக்காக அல்ல, குடிதண்ணீருக்காக, கூலிக்காக. பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி, பக்கத்துத் தெருக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும்.

ஜெகந்நாதன் 2013இல், 98 வயதில் காலமானார். அடுத்த முறை இறால் வாங்கும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.