தேய்ந்த காசை எப்படிக் கண்டுபிடிப்பது?



அம்மிச்சியின் மரப்பெட்டியில் ஒரு செப்புக்காசு கிடந்தது. இரண்டு பக்கமும் வழவழவென்று தேய்ந்து போனது. "திப்பு காலத்துக் காசு, லட்ச ரூபாய் போகும்" என்றார் மாமா. விற்றுத் தருவதாக ஃபோனில் ஒருவர் சொல்ல, அவருக்கு முன்பணம் அனுப்பவும் தயாராகிவிட்டார். 'ரெண்டு நாள் பொறுங்க மாமா' என்று காசை நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் விதி: புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பளபளப்பு வரும், மிச்சமிருக்கும் எழுத்து போய்விடும்.

இரண்டாவது, எடையும் அகலமும். நகைக்கடைத் தராசில் 9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 30 மில்லிமீட்டர். திப்புவின் யானைக் காசு இதைவிடத் தடிப்பு, அகலம் குறைவு. 1835 கால் அணா என்றால் சுமார் ஆறரை கிராம்தான். இரண்டும் இல்லை.

மூன்றாவது, வெளிச்சம். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். கொடி பிடித்த இரண்டு சிங்கங்கள், நடுவில் கேடயம். மறுபக்கம் பாரசீக எழுத்து. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்ததில் 180 வரை விழுந்தது. கடைசி எண் 3-ஆ 8-ஆ என்று இன்னும் சண்டைதான். தேய்ந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன.

ஆக, இது கிழக்கிந்தியக் கம்பெனியின் 20 காசு. "இருபது காசு நான்கு ஃபலூஸ்" என்பதே அந்தப் பாரசீக வாசகம். அன்றைய மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். நம் 'காசு'தான் இந்த நாணயத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது. (நாம் எழுதும் கேஷ் புக்கில் உள்ள கேஷ் வேறு, அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது!)

1799-ல் திப்பு இறந்ததும் நம் கொங்குச் சீமை கம்பெனி கைக்குப் போனது. நான்கே ஆண்டில், 1803-ல், இந்தக் காசு வந்துவிட்டது. அடித்தது இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலை, நீராவி எந்திரத்தில். அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்களுக்கு முத்திரை குத்தாத வில்லைகளும் அங்கிருந்து போயின.

1808 காசுகளை ஏற்றிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். அவற்றில் பல இன்றும் புதுசு மாதிரி இருக்கின்றன, யார் கையிலும் புழங்கவில்லையே. நம்முடையது சந்தையில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. ஆனால் அபூர்வம் இல்லை, லட்சமெல்லாம் போகாது.

பழைய காசு விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதை மாமாவுக்குக் காட்டினேன். முன்பணம் பிழைத்தது.

"நான் விக்கறேன்னு எப்பக் கண்ணு சொன்னேன்?" என்று அம்மிச்சி காசைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.