பயானத் (பாய்மரப் படகு)

பயானத் என்பது, இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி 2022–23 கோல்டன் குளோப் போட்டியில் தனி ஆளாக உலகைச் சுற்றிய ஃபைபர் பாய்மரப் படகு. ரஸ்ட்லர் 36 வகையைச் சேர்ந்தது. 1980 வாக்கில் இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வகையை வடிவமைத்தவர்கள் ஹோல்மன் அண்ட் பை நிறுவனத்தார். நீளம் சுமார் 10.8 மீட்டர், எடை ஏழரை டன். ஏரா எனும் அடிக்கட்டை நீளமாக ஓடி, அதன் கடைசியிலேயே சுக்கான் பொருந்தியிருக்கும். ஓட்டம் மெதுவானதுதான், ஆனால் பேரலையில் திசை மாறாமல் நிற்கும்.

போட்டியின் வேர் பம்பாயில் இருக்கிறது. 1968–69இல் முதல் கோல்டன் குளோப் போட்டியில் எங்கும் நிற்காமல் தனியாக 312 நாளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவரது சுஹைலி அங்கே தேக்கில் கட்டிய படகு. அதன் பொன்விழாவாக 2018இல் போட்டி உயிர்பெற்றபோது, கோவாவில் சுஹைலியின் சாயலில் கட்டிய துரியா என்ற படகில் டோமி கிளம்பினார். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்தது, டோமியின் முதுகெலும்பும் உடைந்தது. மூன்று நாள் கழித்து ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் அவரை மீட்டது. அந்தப் போட்டியில் வென்றவர் 73 வயது ழான்-லூக் வான் டென் ஹீட். அவருடைய படகு ரஸ்ட்லர் 36. அடுத்த முறை டோமி அதே வகையைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

போட்டியின் விதி விசித்திரமானது: படகின் வடிவம் 1988க்கு முந்தையதாக இருக்க வேண்டும். வழி பார்க்க ஜிபிஎஸ் கூடாது. செக்ஸ்டண்டும் காகித வரைபடமும்தான். பாதுகாப்பில் மட்டும் புதுமை கட்டாயம்: முன்புறம் நீர்புகாத தடுப்பு, செயற்கைக்கோள் தொலைபேசி, இருப்பிடம் காட்டும் கருவி. தயாரான பயானத்தைப் போட்டிக்குச் சில வாரம் முன்பு சரக்குக் கப்பல் ஒன்று இடித்து, அணியத்து நீட்டுமரத்தை உடைத்தது. அவசரமாகப் பழுது பார்த்தார்கள்.

செப்டம்பர் 4, 2022 அன்று பிரான்சின் லே சாப்ல் தொலோனில் இருந்து 16 பேர் கிளம்பினார்கள். காற்றின் போக்கில் தானே சுக்கான் பிடிக்கும் கருவி வழியில் உடைந்துகொண்டே இருந்தது. மாற்றுத் துண்டு தீர்ந்ததும் டோமி படகின் கழிப்பறைக் கதவைக் கழற்றி, அறுத்து, அதற்குத் துடுப்பாக்கினார். பழைய படகுக்காரனுக்கு வேண்டிய கைவேலை இதுதான். 

முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நியூஷாஃபர். பயானத் 236 நாளில், ஏப்ரல் 29, 2023 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தது. இடையில் நிற்காமல் முடித்தவர்கள் மொத்தம் மூவர்.