எண்முறை வானிலை முன்கணிப்பு

வளிமண்டல இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணக்கிட்டு வரும் நாள்களின் வானிலையை அறியும் முறை. கணினி மாதிரிகளின் நம்பகத்தன்மை நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகும் துறை இது. இன்றைய கணிப்பு சரியா, தவறா என்பது நாளையே தெரிந்துவிடும்.

இயற்பியல் விதிகளைக் கொண்டே வானிலையைக் கணிக்கலாம் என்று 1904-இல் நார்வே அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் வாதிட்டார்.

அதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். குவேக்கர் சமயத்தவரான அவர் முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்தாமல் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். குளிர்ந்த விடுதியில் வைக்கோல் குவியல்மேல் அமர்ந்து, 1910 மே 20-ஆம் நாளின் ஐரோப்பிய வானிலையைக் கணித்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. இக்கணக்குக்கு ஆறு வாரம் பிடித்ததாகக் கூறுவர். அக்கால அளவு குறித்து மாற்றுக் கருத்தும் உண்டு. 1917-இல் போர்க்களத்தில் தொலைந்த கையெழுத்துப்படி, சில மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கடியில் கிடைத்தது. தவறான விடையை மறைக்காமல் 1922-இல் நூலாக வெளியிட்டது ரிச்சர்ட்சனின் நேர்மை. அதனால்தான் பிற்காலத்தில் வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் அக்கணக்கைக் கணினியில் மீண்டும் செய்ய முடிந்தது. பழுது முறையில் இல்லை, தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாததில் இருந்தது என்று அவர் காட்டினார். தரவைச் சீராக்கியபின் மாற்றம் 1 மில்லிபாருக்கும் குறைந்தது.

1950-இல் அமெரிக்காவின் எனியாக் கணினியில் ஜூல் சார்னியின் குழு 24 மணி நேரக் கணிப்பைச் செய்தது. அதற்கும் ஏறக்குறைய 24 மணி நேரம் ஆயிற்று. அக்கணிப்பின் வரைபடங்களை ரிச்சர்ட்சன் தம் மனைவி டோரதியிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார். இன்றைய வானிலையே நாளையும் நீடிக்கும் என்று கொள்வதைவிடக் கணிப்பு சற்றே மேல் என்றார் டோரதி.

1961-இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் தம் கணினி மாதிரியில் 0.506127 என்ற எண்ணை 0.506 எனச் சுருக்கி இட்டபோது விடை முற்றிலும் வேறாயிற்று. கணிப்புக்கு எல்லை உண்டு என்பது தெளிவானது. அது ஏறத்தாழ இரண்டு வாரம் என்பர், எனினும் இதில் ஒருமித்த முடிவு இல்லை. ஒரே கணிப்புக்குப் பதில் சற்றே மாற்றிய பல கணிப்புகளை ஓட்டி ஐயத்தின் அளவையும் சொல்லும் முறை 1992-இல் ஐரோப்பிய, அமெரிக்க மையங்களில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் இதற்கான தேசிய மையம் 1988-இல் தொடங்கப்பட்டது.

அண்மை ஆண்டுகளில் கிராஃப்காஸ்ட் போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பழைய தரவுகளிலிருந்து கற்றுக் கணிக்கின்றன. முன்னெப்போதும் நிகழாத பெரும்புயலை அவை எவ்வளவு நம்பகமாகக் கணிக்கும் என்பது இன்னும் ஆய்வில் உள்ளது.